செம்புலப்பெயனீரார் வாழ்க்கைக் குறிப்பு: ஆய்வேட்டில் என்ன எழுதுவது?

வணக்கம். சங்கப் புலவர் செம்புலப்பெயனீரார் பிறந்த ஊர், குடி எதுவுமே கிடைக்கவில்லை, ஆய்வேட்டில் அந்தப் பகுதி காலியாக நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தேடலில் குறை இல்லை. அது அவருடைய இயற்பெயரே அல்ல. குறுந்தொகை 40-இல் வரும் 'செம்புலப் பெயனீர் போல' என்ற உவமையே பெயராகிவிட்டது. அடுத்த பாட்டிலேயே அணிலாடு முன்றிலார் வருகிறார், அப்புறம் 54-இல் மீனெறி தூண்டிலார். எல்லாம் இதே வகை.

இதில் ஓரேருழவரை மட்டும் தவறவிடாதீர்கள். 'ஓரேர் உழவன்' என்ற தொடர் குறுந்தொகை 131-இல் இருக்கிறது. ஆனால் புறநானூறு 193-ஆம் பாட்டும் இதே புலவர் பெயரில்தான் உள்ளது, அந்தப் பாட்டில் உழவனும் இல்லை, ஏரும் இல்லை! அப்படியானால் இரண்டையும் பாடியவர் ஒருவரே என்ற நினைவு தொகுத்தவர்களிடம் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஆகவே ஊரைத் தேடி அலைய வேண்டாம். தலைப்பை 'தொடரால் பெயர் பெற்ற புலவர்கள்' என்று மாற்றி, ஒவ்வொருவருக்கும் பெயர் தந்த அடியை எடுத்து எழுதுங்கள். இணையத்தில் யாராவது ஊர்ப் பெயர் போட்டிருந்தால், சரி, ஆதாரம் கேளுங்கள்.