ரசீது யார் பேர்ல இருக்கு? டேட்டா அனலிட்டிக்ஸ் படிப்பு பத்தி கேள்வி-பதில்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுல இருந்து எனக்கு வர்ற லெட்டர்ல பாதிக்கு மேல டேட்டா அனலிட்டிக்ஸ் பத்திதான். வாஷிங் மெஷின், செகண்ட் ஹேண்ட் கார்னு கேட்டுட்டு இருந்தவங்களே இப்ப பிள்ளைங்க சீட்டு பத்தி கேக்கறாங்க, அதனால இந்த வாரம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். லெட்டரை எல்லாம் சுருக்கி, பேரை எடுத்துட்டுப் போட்டிருக்கேன்.

கேள்வி (நாமக்கல், ஒரு அப்பா): பொண்ணு மேத்ஸ் குரூப், நல்ல மார்க். ஒரு காலேஜ்ல பி.எஸ்சி டேட்டா சயின்ஸ் வருஷத்துக்கு 95,000 கேக்கறாங்க. அதே காலேஜ்ல பி.எஸ்சி ஸ்டாடிஸ்டிக்ஸ் 32,000தான். ஐடி வேலைக்குப் போகணும்னா எது சார் நல்லது?

பதில்: ஆறு செமஸ்டர் சிலபஸையும் கேட்டு வாங்குங்க, புரொஷர் இல்ல, சிலபஸ். அதை வச்சுக்கிட்டு எத்தனை பேப்பர் புள்ளியியல், எத்தனை பேப்பர் டேட்டாபேஸ், எத்தனை பேப்பர் புரோகிராமிங்னு எண்ணுங்க. நான் பாத்த வரைக்கும் சில இடங்கள்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் சிலபஸ்லயே மூணு நாலு பேப்பர் பேரை மாத்திட்டு டேட்டா சயின்ஸ்னு போட்டிருக்காங்க, அந்த மாதிரி இருந்தா நீங்க கூடுதலா கட்டற காசு பேருக்குத்தான் போகுது.

அனலிஸ்ட்னா தினம் என்ன வேலை? பல டேபிள்ல கிடக்கற தகவலை எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்கிட்ட தகவல் கேக்கற மொழி) எழுதி எடுக்கணும், தப்பும் தவறுமா இருக்கறதை சுத்தம் பண்ணணும், போன மாசக் கணக்கும் இந்த மாசக் கணக்கும் ஏன் ஒத்துப் போகலைனு தேடணும், அப்பறம்தான் கிராஃப், டாஷ்போர்டு எல்லாம். இதுல புள்ளியியல் தெரிஞ்ச பொண்ணுக்கு எஸ்க்யூஎல், எக்செல், பைதான்ங்கற புரோகிராமிங் மொழி எல்லாம் வெளிய கத்துக்க முடியும். பைதான் இலவசம், கிராஃப் போடற பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம், ஐஐடி பேராசிரியர்கள் எடுக்கற என்பிடெல் வீடியோ எல்லாம் சும்மாவே பாக்கலாம், சர்டிஃபிகேட் வேணும்னாதான் பரீட்சைக்குக் காசு. 2022ல ஆரம்பிச்ச நான் முதல்வன் திட்டத்துலயும் காலேஜ் பிள்ளைங்களுக்கு இந்த மாதிரி பயிற்சி இருக்கு, அந்தக் காலேஜ்ல நடக்குதானு கேளுங்க.

வித்தியாசம் மூணு வருஷத்துக்கு 1,89,000 ரூபா ஆகுது. அவ்வளவும் கட்டித்தான் ஆகணும்னா ரெண்டு கேள்விக்கு பதில் வாங்கிட்டுக் கட்டுங்க. அந்த டிபார்ட்மெண்ட்ல நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர்? அந்தக் கோர்ஸ்ல ஒரு பேட்ச்சாவது படிச்சு முடிச்சு வெளிய வந்திருக்கா? ஒரு பேட்ச்சுமே வெளிய வரலைனா அவங்க காட்டற பிளேஸ்மெண்ட் கணக்கு வேற டிபார்ட்மெண்ட் பிள்ளைங்களோடதுங்க. உங்க பொண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

கேள்வி (ஆவடி): இன்ஸ்டாகிராம்ல 499 ரூபாய்க்கு 120 கோர்ஸ், லைஃப்டைம் ஆக்ஸஸ்னு வருது, வாங்கலாமா?

பதில்: வாங்காதீங்க. இந்த மாதிரி பண்டில் பெரும்பாலும் யாரோ உழைச்சு எடுத்த வீடியோவைத் திருடி டிரைவ் லிங்க்ல போட்டு விக்கறது, அந்த லிங்க் எப்ப வேணா போயிடும்.

கேள்வி (தேனி, மாணவன்): கோயம்புத்தூர்ல ஒரு தனியார் கலைக் கல்லூரில பி.எஸ்சி டேட்டா அனலிட்டிக்ஸ் சேந்து ஒரு வருஷ ஃபீஸ் 80,000 கட்டினேன். அப்பறம் கவுன்சிலிங்ல பி.டெக் ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் கிடைச்சிடுச்சு. டிசியும் மார்க் ஷீட்டும் கேட்டா, மூணு வருஷ ஃபீஸும் கட்டினாதான் தருவோம்னு சொல்றாங்க. அப்பா அங்க போய் அழுதுட்டு வந்துட்டாரு.

பதில்: தம்பி, முதல்ல அப்பாகிட்ட சொல்லு, அழ வேண்டியது அவர் இல்ல. அசல் சர்டிஃபிகேட்டைப் பிடிச்சு வச்சுக்க எந்தக் காலேஜுக்கும் உரிமை கிடையாது, சரிபாத்துட்டு உடனே திருப்பிக் கொடுக்கணும்னு யுஜிசியோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அறிவிப்புலயே தெளிவா இருக்கு. நடத்தாத ரெண்டாவது மூணாவது வருஷத்துக்கு ஃபீஸ் கேக்கறதும் செல்லாது.

கட்டின பணத்துக்கும் கணக்கு இருக்கு. அந்த 2018 அறிவிப்புப்படி, சேர்க்கையோட கடைசித் தேதிக்கு 15 நாளோ அதுக்கு மேலயோ முன்னாடி விலகினா முழுப் பணம் (செலவுக்குனு ஃபீஸ்ல 5 சதவீதம் பிடிக்கலாம், அதுவும் அதிகபட்சம் 5,000), 15 நாளுக்குள்ளனா 90 சதவீதம், கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரைக்கும் 80, 15 நாள் தாண்டி 30 நாளுக்குள்ளனா 50, அதையும் தாண்டினா ஒண்ணும் இல்ல. கவுன்சிலிங் லேட் ஆகற வருஷத்துல யுஜிசி தனியா தேதியும் சொல்லும், 2024-25க்கு செப்டம்பர் 30 வரைக்கும் முழுப் பணம், அக்டோபர் 31 வரைக்கும் 1,000 மட்டும் பிடிக்கலாம்னு சொன்னாங்க. உன் வருஷத்துக்கு என்ன தேதினு யுஜிசி வெப்சைட்ல பாரு.

இப்ப செய்ய வேண்டியது: விலகறேன்னு இன்னைக்கே பிரின்சிபாலுக்கு ஈமெயில் அனுப்பு, அதே லெட்டரை பதிவுத் தபால்லயும் அனுப்பு. நீ என்னைக்கு விலகினேங்கறதுக்கு அந்தத் தேதிதான் சாட்சி, வாய்ல சொன்னது கணக்குல வராது. ஒரு வாரத்துல பதில் வரலைனா யுஜிசியோட இ-சமாதான் போர்ட்டல்ல புகார் போடு, நகலை பல்கலைக்கழகப் பதிவாளருக்கு அனுப்பு. நேரா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனா இழுக்கும், ஏன்னா காலேஜ் படிப்பு நுகர்வோர் சட்டத்துக்குள்ள வராதுனு 2020 ஜனவரில தேசிய ஆணையத்தோட பெரிய பெஞ்ச் சொல்லிடுச்சு, கோச்சிங் சென்டர் வேற கதை. அதனால யுஜிசி வழிதான் உனக்கு வேகம். என்ன ஆச்சுனு எனக்கு எழுது, நான் எதிர்பாத்துட்டு இருப்பேன்.

கேள்வி (திருநெல்வேலி): பி.காம் முடிச்சிருக்கேன். ஒரு நிறுவனம் ஒன்பது மாச ஆன்லைன் டேட்டா அனலிட்டிக்ஸ், 100 சதவீதம் வேலைனு சொன்னாங்க. 1,80,000 ரூபா, மாசம் 7,500 இஎம்ஐ கட்டினா போதும்னாங்க. நாலாவது மாசத்தோட கிளாஸ் நின்னுடுச்சு, யாரும் போன் எடுக்கலை. நான் இஎம்ஐய நிறுத்தினா ஏதோ ஃபைனான்ஸ் கம்பெனில இருந்து மிரட்டறாங்க. நான் யார்கிட்டயும் கடன் வாங்கலையே அண்ணா?

பதில்: வாங்கியிருக்கீங்கம்மா, உங்களுக்குத் தெரியாமலே. இதை நான் எத்தனை வாரம் எழுதினாலும் திரும்பத் திரும்ப எழுதுவேன், ஏன்னா இந்த ஒரு வார்த்தைலதான் இத்தனை பிள்ளைங்க விழறாங்க. இஎம்ஐங்கறாங்களே, அது காலேஜ் டெர்ம் ஃபீஸ் மாதிரி தவணை இல்ல, கடன். அட்மிஷன் அன்னைக்கு ஒரு லிங்க் அனுப்பி ஆதார், பான், செல்ஃபி கேட்டு ஓடிபி சொல்லச் சொல்லியிருப்பாங்களே, அங்கதான் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிகிட்ட நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அவங்க மொத்தப் பணத்தையும் அன்னைக்கே கோர்ஸ் நடத்தறவன்கிட்ட கொடுத்துட்டாங்க. அவனுக்கு வர வேண்டியது வந்தாச்சு, இனி கிளாஸ் எடுத்தாலும் எடுக்கலைனாலும் அவனுக்கு நஷ்டம் இல்ல, இருபத்திநாலு மாசம் கட்ட வேண்டியவங்க நீங்க மட்டும்தான். மாசாமாசம் அவன்கிட்டயே கட்டற மாதிரி இருந்திருந்தா கிளாஸ் நின்ன மாசமே நீங்களும் நிறுத்தியிருக்கலாம், அந்தப் பிடி உங்க கையில இருந்திருக்கும். அந்தப் பிடியத்தான் சொல்லாமக் கொள்ளாம உங்ககிட்ட இருந்து வாங்கிட்டாங்க, எனக்கு ஆத்திரமே அதுலதான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னா நானும் இதை அனுபவிச்சவன். 2002ல டிகிரி முடிச்சதும் திருச்சில ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல 26,000 ரூபா டிப்ளமோ சேந்தேன், அம்மா சங்கிலிய அடகு வச்சுக் கொடுத்தாங்க. அஞ்சாவது மாசம் ஒரு திங்கக்கிழமை போனா ஷட்டர்ல பூட்டு. கையில இருந்த ரசீதுல சென்டர் பேர் மட்டும்தான், விலாசம் இல்ல, நம்பர் இல்ல, சங்கிலிய மீட்க ரெண்டு வருஷம் ஆச்சு. 2021ல அக்கா பையனுக்கு 42,000 கொடுத்து ஒரு டேட்டா கோர்ஸ் வாங்கினேன், லைவ் கிளாஸ்னாங்க, பழைய ரெக்கார்டிங்தான் வந்துச்சு. பணத்தைத் திருப்பிக் கேட்டா ஏழு நாளுக்குள்ள கேக்கணுமாம், கிளாஸ் ஆரம்பிச்சதே பத்தாவது நாள். கண்டிஷனை முழுசாப் படிக்காம கட்டினது என் தப்பு, இன்னைக்கும் அந்தப் பையனைப் பாத்தா மனசு உறுத்துது.

உங்க விஷயத்துக்கு வர்றேன். இஎம்ஐய மட்டும் நிறுத்திட்டு சும்மா இருக்காதீங்க, சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்கா கட்டறீங்களானு காட்டற மதிப்பெண்) விழுந்து நாளைக்கு வீட்டுக் கடன் வரைக்கும் அடி வாங்கும். கிளாஸ் எந்தத் தேதில நின்னுச்சு, எவ்வளவு கட்டியிருக்கீங்கனு கோர்ஸ் நிறுவனத்துக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் ஒரே நாள்ல ஈமெயில் போடுங்க, கடன் ஒப்பந்தத்தோட நகலும் கேளுங்க. டிஜிட்டல் கடனுக்கு மொத்த வட்டி, செலவு எல்லாம் ஒரே தாள்ல எழுதிக் கொடுக்கணும், யோசிச்சு வெளிய வர அவகாசமும் கொடுக்கணும்னு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர்லயே விதி போட்டிருக்கு. அந்தத் தாள் உங்களுக்கு வரலைனா அதையும் புகார்ல எழுதுங்க. 30 நாள்ல பதில் இல்லைனாலோ பதில் சரியில்லைனாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன்கிட்ட (புகாரை விசாரிக்கற அதிகாரி) போகலாம், 14448ல கூப்பிட்டா வழி சொல்வாங்க. வீட்டுக்கு வந்து மிரட்டினா போலீஸ்ல சொல்லுங்க, பயப்படாதீங்க.

கோர்ஸ் நடத்தினவன் மேல 1915ல நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்க. 2019 சட்டப்படி நீங்க இருக்கற திருநெல்வேலிலயே போடலாம், அவன் ஆபீஸ் எந்த ஊர்ல இருந்தாலும் சரி. கோர்ஸுக்குக் கொடுத்தது 5 லட்சம் வரைக்கும்னா கோர்ட் ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். 100 சதவீதம் வேலைனு சொன்ன விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் இப்பவே எடுத்து வைங்க. கோச்சிங் விளம்பரத்துக்குனு 2024 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனியா வழிகாட்டுதல் போட்டிருக்கு, வேலை உறுதினு பொய்யாச் சொல்லக்கூடாது, இன்னும் ரெண்டே சீட்டுதான்னு பொய்யா அவசரப்படுத்தக்கூடாதுனு அதுல இருக்கு. அதைப் புகார்ல குறிப்பிடுங்க.

கேள்வி (சென்னை வேளச்சேரி): கன்சல்டன்சி ஒண்ணுல டேட்டா அனலிஸ்ட் பேக்டோர் ஜாப், மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டோட வாங்கித் தர்றேன்னு 1,50,000 வாங்கினாங்க. ஜிபேல அனுப்பினேன், ரசீது தரலை. இப்ப ஆபீஸ் காலி. பணம் வருமா?

பதில்: 1,50,000 ரூபாய முகம் தெரியாத ஆளோட சொந்த நம்பருக்கு, ஒரு துண்டுச் சீட்டு கூட வாங்காம அனுப்பியிருக்கீங்க. அதுவும் எதுக்கு? வேலை பாக்காத மூணு வருஷத்துக்குப் பொய் சர்டிஃபிகேட் வாங்க. அந்த வேலை கிடைச்சிருந்தாலும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல மாட்டி வெளிய வந்திருப்பீங்க, அடுத்த கம்பெனிலயும் அந்தக் கறை கூட வரும். இத்தனை பேர் ஏமாந்தது பேப்பர்ல வந்த பிறகும் இதையே செய்றவங்களுக்கு என்ன சொல்றதுனு எனக்குத் தெரியலை. ஆனாலும் உங்களை ஏமாத்தினவன் தப்பிக்கக் கூடாது. 1930க்குக் கூப்பிடுங்க, சைபர் கிரைம்ல புகார் போடுங்க, ஜிபே ரெஃபரன்ஸ் நம்பர் கையில வச்சுக்கங்க. எதுக்காகக் கொடுத்தீங்கங்கறதையும் மறைக்காம சொல்லுங்க, அதுக்கு முன்னாடி ஒரு வக்கீலைப் பாத்துடுங்க.

கேள்வி (ஓசூர்): ஆன்லைன்லயே எம்.எஸ்சி டேட்டா சயின்ஸ் டிகிரினு ஒரு ஆப் கம்பெனி சொல்லுது, பல்கலைக்கழகத்தோட டை-அப்பாம். நம்பலாமா?

பதில்: அவங்க அனுப்பின பில்லை எடுத்துப் பாருங்க. 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கா? அங்கீகாரம் உள்ள டிகிரிக்கு பல்கலைக்கழகம் வாங்கற ஃபீஸுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லுல ஜிஎஸ்டி இருந்தா நீங்க காசு கட்டறது டிகிரிக்கு இல்ல, அந்தக் கம்பெனியோட கோர்ஸுக்கு. பணம் பல்கலைக்கழகத்தோட அக்கவுண்டுக்குப் போகணும், ரசீது பல்கலைக்கழகத்தோட பேர்ல வரணும், அந்தப் படிப்பு யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவோட லிஸ்ட்ல அந்த வருஷத்துக்கு இருக்கணும். ஃபிரான்சைஸ் முறைல டிகிரி நடத்தக்கூடாதுனு 2022லயே யுஜிசி எச்சரிச்சாச்சு.

கேள்வி (மதுரை): டேட்டா அனலிட்டிக்ஸ் படிக்கற பையனுக்கு மேக்புக் வாங்கித் தரலாமா? லோன் போடணும்.

பதில்: வேண்டாம். பவர் பிஐ டெஸ்க்டாப் மேக்ல நேரா ஓடாது. 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி இருக்கற விண்டோஸ் லேப்டாப் போதும், லோன் இல்லாம.

கேள்வி (கரூர், இல்லத்தரசி): வயசு 36, பிளஸ் டூல மேத்ஸ் படிச்சேன், கல்யாணத்தோட படிப்பு நின்னுடுச்சு. இப்ப டேட்டா படிச்சு வேலைக்குப் போக ஆசை. 2 லட்சம் வச்சிருக்கேன். எங்க கட்டலாம்?

பதில்: இப்போதைக்கு எங்கயும் மொத்தமா கட்டாதீங்கம்மா. ஐஐடி மெட்ராஸ் 2020ல ஆரம்பிச்ச டேட்டா சயின்ஸ் ஆன்லைன் படிப்பைப் பாருங்க, ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்ல, வயசு வரம்பும் இல்ல. விண்ணப்பக் கட்டணம் கட்டினா முதல் நாலு வாரம் இங்கிலீஷ், மேத்ஸ், ஸ்டாடிஸ்டிக்ஸ், கம்ப்யூட்டேஷனல் திங்கிங் படிக்கலாம், அப்பறம் சென்டருக்கு நேர்ல போய் எழுதற தகுதித் தேர்வு. அதுல பாஸ் ஆனாதான் உள்ள போக முடியும். கட்டணமும் மொத்தமா இல்ல, எடுக்கற பாடத்துக்கு ஏத்த மாதிரி கட்டலாம், வருமானம் குறைவா இருந்தா சலுகை உண்டு. நடுவுல நிறுத்தினாலும் முடிச்ச கட்டத்துக்கு ஏத்தபடி டிப்ளமோவோ டிகிரியோ கையில கிடைக்கும்.

அதுக்கும் முன்னாடி ஒரு மாசம், தினம் ஒரு மணி நேரம் உக்காந்து, வீட்டு வரவு செலவை எக்செல்ல போட்டுப் பாருங்க. பாலுக்கு எவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு, எந்த மாசம் ஏன் கூடிச்சுனு தேடிப் பாருங்க. அது உங்களுக்குப் பிடிச்சிருந்தா மறுபடி எனக்கு எழுதுங்க. அந்த 2 லட்சத்தை அதுவரைக்கும் பேங்க்லயே விட்டு வைங்க.