சைக்கிளில் விழுந்து காறை எலும்பு (கழுத்துக்குக் கீழே தோள் வரை போகும் எலும்பு) முறிந்தது. எண்ணெய்க் கட்டு போடலாமா, எப்போது ஓட்டலாம்?

அதிகம் விலகாத முறிவுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் வேண்டாம், கையைத் தாங்கிக் கழுத்தில் கட்டும் தூக்குத்துணி போதும். மணிக்கட்டு முழங்கையைவிடச் சற்று உயரமாக நிற்கணும். கை தொங்கினால் அதன் எடை முறிவை இழுக்கும். விரல்களையும் மணிக்கட்டையும் முதல் நாளிலிருந்தே அசையுங்கள், இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும்.

நம்ம பக்கம் எண்ணெய் போட்டு உருவிவிடச் சொல்லி வீட்டில் நச்சரிப்பார்கள். வேண்டாம், கூடத் தொடங்கிய எலும்பு விலகும். விரல் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, எலும்பு முனை தோலை முட்டி வெளுக்க வைத்தாலோ அன்றைக்கே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெரியவர்களுக்கு எலும்பு ஒன்றுசேர 6 முதல் 12 வாரம் ஆகும். பீடி, சிகரெட் அதைத் தள்ளிப்போடும். சின்னப் புடைப்பு மிஞ்சலாம், பயமில்லை. எக்ஸ்ரேயில் கூடியது தெரிந்து, அழுத்தினால் வலிக்காமல், கை தலைக்கு மேல் போனால் சமதளத்தில் தொடங்குங்கள். பள்ளத்தின் அதிர்வு ஹேண்டில்பார் வழியே தோளுக்குத்தான் ஏறும்; பாபநாசம் மலை ரோடெல்லாம் பிறகு.