விருச்சிக ராசிக்காரர்கள் பழிவாங்குபவர்கள் என்பதற்குப் புராணத்தில் ஆதாரம் உண்டா?

விருச்சிக ராசியில் பிறந்தவர்கள் வஞ்சம் வைத்துப் பழிவாங்குவார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறதே, அதற்குப் பழங்கதைகளில் ஏதேனும் அடிப்படை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே ராசியில் பிறந்தவள் என்பதால், "உன்னிடம் ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டும்" என்ற பேச்சைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வந்திருக்கிறேன். கதைகளைத் தேடிப் படித்தபோது, தன் சொந்தப் பகையைத் தீர்த்துக்கொள்ளும் தேளை நான் எங்கும் காணவில்லை. ஏவப்பட்ட தேளையும் காவல் நிற்கும் தேளையுமே கண்டேன்.

எல்லோரும் அறிந்த கிரேக்கக் கதையில், ஓரியன் என்ற வேட்டைக்காரன் கிரீட் தீவில் ஆர்ட்டெமிஸ் தேவியுடன் வேட்டையாடிக்கொண்டிருந்தபோது, பூமியிலுள்ள விலங்குகள் அத்தனையையும் கொன்று தீர்ப்பேன் என்று மார்தட்டினான். அதைக் கேட்டுக் கொதித்த பூமித்தாய் கையா, ஒரு பெருந்தேளை அவன்மீது ஏவினாள். அது கொட்டி அவன் மாண்டான். அரேட்டஸ் என்ற கவிஞர் சொல்லும் வடிவத்தில் ஓரியன் கியோஸ் தீவில் ஆர்ட்டெமிஸிடமே அத்துமீறுகிறான். அவள் மலையைப் பிளந்து தேளை வரவழைக்கிறாள். இரண்டிலும் சினம் தெய்வத்தினுடையது. தேளுக்கும் ஓரியனுக்கும் முன்பகை எதுவும் கிடையாது. முதல் வடிவத்தில் அது விலங்குகளின் சார்பில் வந்து நிற்கிறது என்பதை நாம் ஏனோ கவனிப்பதே இல்லை.

இருவரும் பிறகு வானில் விண்மீன் கூட்டங்களாக வைக்கப்பட்டார்கள் என்பது கதையின் முடிவு. விருச்சிகம் கிழக்கே எழும்போது ஓரியன் மேற்கே மறைந்துவிடுவதைப் பார்த்தவர்கள், தேளைக் கண்டு அவன் இன்னமும் ஓடுகிறான் என்று விளக்கம் சொன்னார்கள்.

கிரேக்கர்களுக்கு வெகுகாலம் முன்பே மெசப்பொத்தேமியாவில் (இன்றைய ஈராக் பகுதி) இந்த விண்மீன்களைத் தேளாகக் கண்டிருக்கிறார்கள். கில்காமேஷ் என்ற அரசனைப் பற்றிய அவர்களுடைய காவியத்தில், சூரியன் வந்து போகும் மாஷு மலையின் வாயிலைத் தேள் மனிதர்கள் காக்கிறார்கள். அவர்கள் பார்வையே மரணம் என்று சொல்லப்பட்டாலும், கில்காமேஷின் துயரத்தைக் கேட்ட பின் வழிவிட்டு அனுப்புகிறார்கள். எகிப்தின் செர்கெட் தேவிக்கும் இந்த ராசிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் தலையில் தேளைத் தாங்கிய அவள் விஷக்கடியிலிருந்து மனிதரைக் காப்பவள் என்பதையும், 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட எகிப்திய அரசன் துட்டன்காமுனின் கல்லறையில் கைகளை விரித்துக் காவல் நின்ற நான்கு தேவியருள் ஒருத்தி என்பதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இனி வானத்தையே பாருங்கள். ஜூன், ஜூலை மாத இரவுகளில் தெற்கே தெரியும் விருச்சிகம், பெயருக்கேற்ற உருவம் கொண்ட மிகச் சில விண்மீன் கூட்டங்களுள் ஒன்று. நெற்றியில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்கள் அனுஷம். அடுத்து, இருபுறமும் மங்கலான துணை மீன்களுடன் செவ்வாயைப் போலவே சிவந்து ஒளிரும் அண்டாரஸ், தேளின் இதயம்; அதுதான் கேட்டை. அங்கிருந்து வால் கீழிறங்கி வளைந்து, நெருங்கி அமைந்த இரண்டு விண்மீன்களில் கொடுக்காக முடிகிறது. அந்தக் கொடுக்கு மூல நட்சத்திரத்தைச் சேர்ந்தது; இந்திய சோதிடத்தில் மூலம் தனுசு ராசிக்குள் அடங்கும். முன்பக்கத்துக் கவ்வுகால்களோ, கிரேக்கர்கள் தேளின் உறுப்பாகவே எண்ணியிருந்தும், பிற்காலத்தில் துலாமாக நிலைத்துவிட்டன. ஆக, விருச்சிக ராசியின் பங்குக்கு நெற்றியும் இதயமும்தான் எஞ்சுகின்றன. கொட்டும் உறுப்பு அதனிடம் இல்லை. இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அப்படியானால் அந்தக் குணப் பட்டியல் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி சோதிட விதிகளிலிருந்து வந்தது. செவ்வாய் அதிபதி என்பதால் வேகமும் துணிவும், ஸ்திர (நிலையான) ராசி என்பதால் பிடிவாதமும், நீர் ராசி என்பதால் ஆழ்ந்த உணர்ச்சியும், எட்டாவது ராசி என்பதால் மறைபொருள் நாட்டமும் சொல்லப்பட்டன. மனத்துக்குக் காரகனான சந்திரன் இங்கே நீசம் அடைவதால், அதாவது வலுவிழப்பதால், மனக்கலக்கமும் சேர்ந்தது. 1930இல் புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, மேலைச் சோதிடர்கள் பலர் அதையும் இந்த ராசிக்கு அதிபதியாக்கி, இருண்ட சாயலை இன்னும் அழுத்தமாகத் தீட்டினார்கள். மிச்சத்தைத் தேள் மீதான நம் அச்சம் நிரப்பிக்கொண்டது. உண்மையான தேளோ குஞ்சுகள் முதல் தோலுரிக்கும்வரை அவற்றை முதுகில் சுமந்து திரியும் தாய். வலுவான கவ்வுகால் உள்ள இனங்கள் பல, இரையை நசுக்கியே கொன்று விஷத்தை மிச்சப்படுத்துகின்றன.

இந்தக் குணங்கள் தமக்கு அப்படியே பொருந்துவதாகப் பலர் உணர்வது பொய்யல்ல, ஆனால் அதற்குக் காரணம் வேறு. 1948இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர், சோதிட நூலொன்றிலிருந்து பெரும்பாலும் எடுத்த வாக்கியங்களைத் தொகுத்து, தம் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரே குறிப்பை அவரவருக்கென்று எழுதியதைப் போலக் கொடுத்தார். அவர்கள் அதன் துல்லியத்துக்கு அளித்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. நீங்களும் ராசிப் பெயர்களை மறைத்துவிட்டுப் பன்னிரண்டு குண விவரங்களையும் படித்து உங்களுடையதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பிறகு உங்களை நன்கறிந்த ஒருவரிடமும் அதே தாளைக் கொடுத்து, உங்களுக்குப் பொருந்துவது எது என்று கேளுங்கள்.