ஓட்டின் ஓரத்தைப் பாருங்கள்: மட்டி வளர்ப்பு, வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பவளத் தொட்டியைப் பற்றி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியைப் பற்றி எழுதியபோது, இரண்டு ஓடுள்ள பெரிய கடல் சிப்பிகளான ராட்சத மட்டிகளுக்கு ஒரே ஒரு பத்திதான் ஒதுக்கினேன். வந்த கடிதங்களில் பாதி அந்தப் பத்தியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கின்றன. எனக்குச் சந்தோஷம்தான். பதினான்கு வருடமாக மட்டி வளர்க்கிறேன், மீனைவிட மட்டி முன்னால் உட்கார்ந்த நேரம்தான் அதிகம். அதனால் இந்த முறை முழுக்க மட்டிதான்.

கேள்வி: சார், ஒன்றரை வருடமாகப் பவளத் தொட்டி வைத்திருக்கிறேன். கடையில் மயில் கழுத்து நீலத்தில் மாக்சிமா என்ற வகை மட்டி ஒன்றைப் பார்த்ததில் இருந்து தூக்கமே இல்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

தொட்டிக்கு ஒன்றரை வயது ஆகிவிட்டது என்பதே நல்ல செய்தி. ஆறு மாதம்கூட ஆகாத தொட்டியில் மட்டியை இறக்காதீர்கள் என்று எத்தனையோ பேரிடம் கெஞ்சியிருக்கிறேன்.

அந்த நீலம் எல்லோரையும் இழுக்கும். ஆனால் உடல்நிலையை நிறத்தில் பார்க்க முடியாது. ஓட்டுக்கு வெளியே பட்டுத்துணி மாதிரி விரியும் சதைக்கு மேன்டில் என்று பெயர். அதில் இருக்கும் நுண்ணிய செல்கள் ஒளியைப் பிரதிபலிப்பதால்தான் அந்த நீலமும் பச்சையும் தெரிகின்றன. நோயில் கிடக்கும் மட்டிகூட நீலமாகத்தான் இருக்கும்.

முதலில் தொட்டிக்கு மேலே கையை நீட்டி நிழல் விழ வையுங்கள். ஆரோக்கியமான மட்டி சட்டென்று சுருங்கும். ஆள் நடமாட்டத்துக்குப் பழகிய மட்டி முழுசாக மூடாது, ஓரம் மட்டும் உள்ளே போகும். அதுவே போதும். எந்த அசைவும் இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். மேன்டிலில் இரண்டு துவாரங்கள் இருக்கும். புகைக்கூண்டு மாதிரி எழும்பி நிற்பது தண்ணீர் வெளியேறும் வழி. நீளமான கீறல் மாதிரி இருப்பது தண்ணீர் உள்ளே போகும் வழி. அந்தக் கீறல் ஆவென்று பிளந்து, உள்ளே செவுள்கள் தெரிய, நாள் முழுக்க அப்படியே நின்றால் அந்த மட்டி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து ஓட்டின் ஓரத்தைப் பாருங்கள். பழைய ஓட்டில் பாசி படிந்து அழுக்காக இருக்கும். விளிம்பில் மட்டும் சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால், அது புது வளர்ச்சி. அந்தக் கோடு உள்ள மட்டி, நிறம் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் வாங்கலாம். கோடே இல்லாத நீல அழகி வேண்டாம்.

கடைசியாக, அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். இதைத்தான் யாரும் கேட்பதில்லை. ஓட்டின் கீல் அருகே ஒரு திறப்பு இருக்கும். அதன் வழியே பாதமும், நார் போன்ற நூல்களும் வெளியே வரும். அந்த நூல்களால்தான் மட்டி கல்லைப் பிடித்துக்கொள்கிறது. நூல் அறுந்தால் சில நாளில் புதிதாக வந்துவிடும். நூலை உண்டாக்கும் சுரப்பி பிய்ந்தால் மட்டி பெரும்பாலும் பிழைக்காது. என் முதல் மாக்சிமாவைக் கடைக்காரர் தொட்டிக் கண்ணாடியில் இருந்து ஸ்டிக்கர் உரிப்பதுபோல உரித்து எடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், தடுக்கத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் அடியில் வெள்ளையாகச் சதை தொங்குகிறது. பத்து நாள்கூட இருக்கவில்லை. மெல்லிய பிளேடைக் கண்ணாடியோடு ஒட்டிப் படுக்க வைத்து நூலை மட்டும் அறுக்க வேண்டும். எத்தனை நிமிடம் ஆனாலும் நின்று, அப்படித்தான் எடுக்கிறார்களா என்று பாருங்கள்.

5 செ.மீ.க்குக் குறைந்த குஞ்சு மட்டி தொடக்கக்காரருக்கு வேண்டாம். 7 முதல் 10 செ.மீ. வரை இருந்தால் நல்லது. பண்ணையில் வளர்த்ததா, கடலில் எடுத்ததா என்றும் கேளுங்கள். ராட்சத மட்டிக் குடும்பம் முழுவதும் 1985 முதல், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. பண்ணை மட்டி தொட்டி வாழ்க்கைக்கும் சீக்கிரம் பழகும்.

கேள்வி: குரோசியா, மாக்சிமா, ஸ்குவாமோசா, டெராசா என்று நான்கு மட்டி வகைகளைச் சொல்கிறார்கள். முதல் மட்டிக்கு எது சரி?

டெராசா, இல்லையென்றால் ஸ்குவாமோசா. இரண்டும் வெளிச்சம் சற்றுக் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும். குரோசியாவும் மாக்சிமாவும் கடலில் வெயில் நேராக அடிக்கும் ஆழமற்ற பாறையில் வாழ்பவை. அவற்றுக்கு விளக்கின் நேர் கீழே, மேல் பாறையில் இடம் வேண்டும். பாசிக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் பார் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு என் தொட்டிக் கணக்கைச் சொல்கிறேன்: டெராசா, ஸ்குவாமோசாவுக்கு 150 முதல் 200, குரோசியா, மாக்சிமாவுக்கு 250-க்கு மேல்.

ஆனால் டெராசா அரை மீட்டர் வரை வளரும் என்பதை மறக்காதீர்கள். சின்னத் தொட்டிக்காரர்கள் ஸ்குவாமோசா பக்கம் போகலாம், அதுவும் 40 செ.மீ.யைத் தொடும் என்றாலும் வேகம் குறைவு. ஜைகாஸ் என்ற பெயரில் அழகான குஞ்சு வந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு மீட்டரைத் தாண்டி, 200 கிலோவுக்கு மேல் எடை போடும் உயிர் அது.

கேள்வி: மணல் மேல் வைத்த டெராசா, தினமும் காலையில் கவிழ்ந்தோ, ஒரு சாண் நகர்ந்தோ கிடக்கிறது. நிமிர்த்தி நிமிர்த்தி அலுத்துவிட்டது.

பிடிக்க ஒன்றும் இல்லாமல் தேடுகிறது, அவ்வளவுதான். உள்ளங்கை அளவு தட்டையான கல் ஒன்றை மணலுக்குள் புதைத்து, அதன் மேல் மட்டியை உட்கார வையுங்கள். இரண்டு பக்கமும் சின்னக் கல் முட்டுக் கொடுங்கள். இரண்டு மூன்று நாளில் நூல் விட்டுக் கல்லைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எப்போது இடம் மாற்றினாலும் கல்லோடு சேர்த்துத் தூக்கலாம், பிளேடே வேண்டாம். மணல் புழுக்களும் அடித் திறப்பு வழியாக உள்ளே நுழைய முடியாது. பம்பு நீர் நேராக அடிக்காத இடமாகப் பாருங்கள். மேன்டிலின் ஒரு பக்கம் எப்போதும் மடிந்தே இருந்தால் ஓட்டம் அதிகம்.

கேள்வி: என் தொட்டியில் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. போன மாதம் புது எல்இடி விளக்கும் மாட்டினேன். இருந்தும் மட்டியின் நடுப்பகுதி வெளுத்துக்கொண்டே போகிறது. என்ன குறை?

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது, சார். மேன்டிலுக்குள் கோடிக்கணக்கான நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வயிற்றில் இருந்து கிளை பிரிந்து வரும் நுண்குழாய்களுக்குள் அவை வாழ்கின்றன. வெளிச்சத்தில் சர்க்கரை செய்து மட்டிக்கு ஊட்டுவது அவைதான். பழுப்பு நிறம் அவற்றுடையது. வெளுப்பு வருகிறது என்றால் அவை குறைகின்றன என்று அர்த்தம்.

அந்தப் பாசிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். மீன் கழிவில் இருந்து வரும் அமோனியாவையும் நைட்ரேட்டையும் மட்டி தண்ணீரில் இருந்தே உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் எல்லாவற்றையும் வடிகட்டி எடுத்துவிட்டுப் பட்டினி போடுகிறீர்கள். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருக்கட்டும். பாஸ்பேட் உறிஞ்சும் மீடியாவை எடுத்துவிட்டு, மீனுக்குத் தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

இரண்டாவது, விளக்கு. மங்கலான வெளிச்சத்தில் இருந்த மட்டி மேல் திடீரென்று பலமான எல்இடியை அடித்தால் பாசியை வெளியே தள்ளிவிடும். விளக்கின் பலத்தைப் பாதியாகக் குறைத்து, மூன்று நான்கு வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். வெளுத்த இடத்தில் பழுப்பு திரும்ப ஆரம்பித்தால் தப்பித்தது.

மற்ற அளவுகளும் கேட்டிருந்தீர்கள். வெப்பம் 24 முதல் 27 டிகிரி, உப்படர்த்தி 1.025, கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், அல்கலினிட்டி, அதாவது அமிலத்தைத் தாங்கும் தண்ணீரின் திறன், 8 முதல் 9 டிகேஎச் (அதை அளக்கும் அலகு). இதில் நான் விடாமல் பார்ப்பது அல்கலினிட்டியை. ஏறி இறங்கினால் ஓட்டோர வெள்ளைக் கோடு நின்றுவிடும். மட்டி வளர வளரக் கால்சியம் வேகமாகத் தீரும், வாரம் ஒரு முறையாவது டெஸ்ட் செய்யுங்கள்.

கேள்வி: எட்டு மாதமாக நன்றாக இருந்த ஸ்குவாமோசா, இரண்டு வாரமாகப் பாதிதான் விரிகிறது. டெஸ்டில் எல்லாம் சரி. தினமும் பார்க்கிறேன், எதுவும் தெரியவில்லை.

பகலில் முதலில் மீனைச் சந்தேகப்படுங்கள். குட்டி ஏஞ்சல் மீன்கள், வண்ணத்துப்பூச்சி மீன்கள் மேன்டிலைக் கொத்தும். அரை மணி நேரம் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

மீன் குற்றவாளி இல்லையென்றால், விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சும் லென்ஸும் எடுத்துக்கொண்டு போங்கள். நான் முதல்முறை அப்படிப் பார்த்த இரவு இன்னும் கண்ணில் நிற்கிறது. பகலில் சுத்தமாக இருந்த ஓட்டு விளிம்பில், நொய்யரிசியை வரிசையாக ஒட்டிவைத்த மாதிரி வெள்ளை நத்தைகள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மி.மீ. லென்ஸை வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு நத்தையில் இருந்தும் நூலிழை போன்ற ஒரு குழல் நீண்டு மேன்டில் சதைக்குள் இறங்கியிருக்கிறது. சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தன. இந்த ஒட்டுண்ணி நத்தைகளைப் பிரமிடெலிட் என்பார்கள். பகலில் ஓட்டின் அடியிலும் அடித் திறப்பைச் சுற்றியும் ஒளிந்துகொள்ளும்.

தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, மட்டியைக் கல்லோடு அதில் இறக்குங்கள். சோப்பு படாத புது டூத் பிரஷால் ஓடு முழுக்கத் தேயுங்கள், மேன்டிலில் மட்டும் படக்கூடாது. ஸ்குவாமோசாவுக்கு ஓட்டில் செதில் செதிலாக மடிப்புகள் உண்டு. ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் பாருங்கள், பிசின் சொட்டு போலக் கண்ணாடி நிறத்தில் ஒட்டியிருப்பது முட்டைத் தொகுதி. அதை விட்டுவிட்டு நத்தையை மட்டும் எடுத்தால் பலனில்லை. வாளித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் கொட்டிவிடுங்கள். முதல் வாரம் தினமும், பிறகு மூன்று நாளுக்கு ஒரு முறை, ஒரு மாதம் தாண்டும்வரை விடாதீர்கள். சிக்ஸ்லைன் ராஸ் மீன் கொஞ்சம் உதவும், ஆனால் அது இரவில் தூங்கிவிடும், நத்தை வருவது இரவில். மருந்து தேடி எதையும் ஊற்ற வேண்டாம். செம்பு கலந்த மருந்து மட்டியையே கொன்றுவிடும்.

புது மட்டி வாங்கும் எல்லோருக்கும் இதே பிரஷ் வேலை முதல் நாளே உண்டு.

கேள்வி: தினமும் பைட்டோபிளாங்டன் (தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி) ஊற்றச் சொல்கிறார்கள். அவசியமா?

குஞ்சு மட்டி என்றால் வாரம் மூன்று நான்கு முறை ஊற்றலாம். நல்ல விளக்கும் நாலு மீனும் உள்ள தொட்டியில் பெரிய மட்டிக்குத் தேவைப்படாது.

கேள்வி: சிவப்புச் சதையும் வெள்ளை மீசையுமாக ஃபிளேம் ஸ்காலப் என்று ஒரு சிப்பி விற்கிறார்கள். மட்டி மாதிரியே இதையும் வளர்க்கலாமா?

வேண்டாம் அம்மா. அதற்குள் பாசி கிடையாது. தண்ணீரில் மிதக்கும் நுண்ணுணவை வடிகட்டித்தான் பிழைக்க வேண்டும். அந்த அளவு உணவு வீட்டுத் தொட்டியில் கிடைக்காது. மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பட்டினி கிடந்து சாகும். நானே இரண்டு முறை அதைப் பார்த்துவிட்டேன், உங்களுக்கு அந்த வருத்தம் வேண்டாம்.

கேள்வி: அங்கிள், நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். அப்பா வைத்திருக்கும் மட்டி நான் கிட்டே போனதும் மூடிக்கொள்கிறது. அதற்குக் கண் இருக்கிறதா?

இருக்கிறது தம்பி, நூற்றுக்கணக்கில்! மேன்டிலின் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகளாக இருக்கும். நம் கண்ணில் இருப்பது போல லென்ஸ் கிடையாது, ஊசித்துளை மட்டும்தான். உன் முகம் அதற்குத் தெரியாது, நிழலும் அசைவும் தெரியும். ஒவ்வொரு முறை மூடும்போதும் வெயில் காய்கிற நேரம் அதற்குக் குறையும், அதனால் கையை ஆட்டிப் பார்த்து விளையாடாதே. ஒரு லென்ஸ் எடுத்துக்கொள். தொட்டிக்குப் பக்கவாட்டில், உன் நிழல் விழாத இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார். ஐந்து நிமிடம் அசையாமல் இரு. மட்டி திரும்ப விரியும், மேன்டிலின் விளிம்பு மெதுவாக ஓட்டைத் தாண்டி வழியும். அப்போது ஒரு பக்கத்து ஓரத்தில் மட்டும் புள்ளிகளை எண்ணு. எத்தனை வந்தது என்று எனக்கு எழுது, அடுத்த இதழில் போடுகிறேன்.