வாயில் வெள்ளைப் படை

கேள்வி: அம்மாவுக்குச் சிறுநீரகம் மாற்றி எட்டு மாதம். இப்போது நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, விழுங்கினால் நோகிறது என்கிறார். பாமசியில் பங்கசுக் குளிசை வாங்கிக் கொடுக்கலாமா?
- வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: வேண்டாம் தங்கச்சி, நீங்களாக வாங்கிக் கொடுக்கவே வேண்டாம். இது பெரும்பாலும் கன்டிடா என்ற பங்கசாக இருக்கும். நம்மில் பலருடைய வாயில் அது சும்மா இருக்கிறதுதான், ஆனால் மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அம்மா எடுக்கும் மருந்துகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பதால் அது பெருகிவிடுகிறது. பங்கசுக்குக் கொடுக்கும் புளூகொனசோல் குளிசை நல்ல மருந்துதான். ஆனால் அம்மா, சிறுநீரகத்தை உடம்பு தள்ளாமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் என்ற மருந்தை எடுப்பவராக இருந்தால் இரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும், அது அந்தச் சிறுநீரகத்தையே பாதிக்கும். விழுங்க நோகிறதென்றால் உணவுக்குழாய்க்கும் இறங்கியிருக்கலாம், அதனால் அடுத்த கிளினிக் திகதிவரை பார்த்திராமல் நாளைக்கே கூட்டிப் போங்கள், எடுக்கும் குளிசைகள் அத்தனையையும் பையில் போட்டுக்கொண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். கூரையில் புறா அடைகிறதென்றால் அந்த எச்சத்தை அம்மா கூட்டக் கூடாது, வேறு யாராவது தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு அள்ளட்டும். அதில் வளரும் கிரிப்டோகொக்கஸ் என்ற இன்னொரு பங்கசு மூச்சோடு உள்ளே போய் மூளையுறைவரைக்கும் பரவக்கூடியது. விடாத தலையிடியும் காய்ச்சலும் வந்தால் இரவென்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.