ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் எல்டிஎல் துகள்களைப் பிரிக்கும்போது கெடாமல் காப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: ஹெப்பாரின் குழாய்தான் கைவசம் இருக்கிறது. அதில் ரத்தம் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம், உலோக அயனிகளைப் பிடித்து வைக்கும் ஈடிடிஏ சேர்த்த குழாயே எடுங்கள். ஹெப்பாரின் ரத்தம் உறைவதைத் தடுக்கும்; ஆனால் செம்பு, இரும்பு அயனிகளைப் பிடித்து வைக்காது. ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிவிடுபவை அவைதான். பிளாஸ்மா சிவந்து தெரிந்தால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடுங்கள். சிவப்பணுக்கள் உடைந்து கொட்டிய, இரும்புள்ள ஹீமும் இதே வேலையைச் செய்யும்.

கேள்வி: பிளாஸ்மாவின் அடர்த்தியை உயர்த்தப் பொட்டாசியம் புரோமைடு உப்பு சேர்த்ததும் நுரைக்கிறது. பரவாயில்லையா?

பதில்: நுரைத்தால் காற்றும் கலக்கிறது, புரதமும் சிதைகிறது. சிறிது சிறிதாகத் தூவி, குழாயை மெல்லச் சாய்த்துக் கரையுங்கள். அடர்த்தி 1.019இல் (கிராம்/மி.லி.) மையவிலக்கில் சுழற்றி மிதப்பதை நீக்கிய பிறகு, 1.063க்கு உயர்த்தி மீண்டும் சுழற்றினால் எல்டிஎல் மேலே வரும். அடர்த்தியைச் சரிசெய்யும் உப்புக் கரைசல்களிலும் ஈடிடிஏ இருக்கட்டும். பலர் இதைத்தான் மறக்கிறார்கள்.

கேள்வி: மையவிலக்கிலிருந்து எடுத்தபோது நல்ல மஞ்சள் பட்டை. உப்பை நீக்க ஈடிடிஏ இல்லாத தாங்கல் கரைசலில் இரவு முழுக்க டயாலிசிஸ் (சவ்வு வழியே உப்பை வெளியேற்றுதல்) செய்தேன். காலையில் வெளுத்துவிட்டது. ஏன்?

பதில்: அந்த மஞ்சள் கரோட்டினாய்டுகளின் நிறம். ஒரு எல்டிஎல் துகளில் சராசரியாக ஆறு வைட்டமின் ஈ மூலக்கூறுகள்தான் உண்டு. அதுவும் கரோட்டினாய்டுகளும் தீர்ந்த பிறகே கொழுப்பு வேகமாகக் கெடத் தொடங்கும். நிறம் போயிற்று என்றால் காவல் போயிற்று. அந்த மாதிரியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். புரோமைடும் இயற்கைக் காப்புப் பொருள்களில் சிலவும் வெளியேறும் நேரத்தில்தான் நீங்கள் ஈடிடிஏயையும் எடுத்திருக்கிறீர்கள். தாங்கல் கரைசலுக்குப் போடும் உப்பிலேயே உலோகத் துணுக்குகள் இருக்கும். உலோகத்தைப் பிடிக்கும் செலெக்ஸ் பிசினில் செலுத்தி அவற்றை நீக்குங்கள். நைட்ரஜன் ஊதி ஆக்சிஜனை வெளியேற்றி, 4 டிகிரி குளிரில், இருட்டில் வையுங்கள். என்னைக் கேட்டால், டயாலிசிஸையே விட்டுவிட்டு உப்பு நீக்கும் ஜெல் நிரப்பிய குழாயில் (பத்தி) செலுத்துவேன். சில நிமிட வேலை.

கேள்வி: செம்பு சேர்த்து ஆக்சிஜனேற்ற வேகம் அளக்கப் போகிறேன். ஈடிடிஏ இடைஞ்சல் அல்லவா?

பதில்: இடைஞ்சல்தான். அதற்காக முன்கூட்டியே நீக்காதீர்கள். அளக்கும் அன்று பத்தியில் செலுத்தி, உடனே 234 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் அளவீட்டைத் தொடங்குங்கள். பிஎச்டி (BHT) என்ற காப்புப் பொருள் சேர்த்த மாதிரி இதற்கு உதவாது. அதுவே ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்துவிடும்.

கேள்வி: உறைய வைக்கலாமா?

பதில்: அப்படியே உறைய வைத்தால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். 10 சதவீத சுக்ரோஸ் சேர்த்து வைப்பதுண்டு, ஆனால் கொழுப்பு எவ்வளவு கெட்டது என்று காட்டும் தயோபார்பிட்டூரிக் அமிலச் சோதனையின் அளவை சுக்ரோஸ் கெடுக்கும்.