மரவியாபாரி ஸ்டீபன்சன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஐசக் ஸ்டீபன்சன் பற்றிப் படித்தேன். அதிகம் படிக்காதவர், மரம் வெட்டும் கூப்பில் தொடங்கி அமெரிக்க செனட் வரை போயிருக்கிறார். 1908 உட்கட்சித் தேர்தலில் காசை வாரி இறைத்ததாக விசாரித்துவிட்டு, கடைசியில் விட்டுவிட்டார்களாமே, நியாயமா? இன்றைய இளைஞர்களுக்கு இவர் முன்மாதிரியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

யாரைப் படித்தாலும் உடனே இளைஞர்களை இழுத்துவந்து நிறுத்திவிடுகிறீர்கள், பாவம் அவர்கள், விட்டுவிடுங்கள். நியாயமா என்றால், இல்லை. செலவு 1,07,793 டாலர். 1912இல் செனட் 40க்கு 34 என்ற ஓட்டில் அவர் பதவியைக் காப்பாற்றியது. சரி, அது முடிந்த கதை.

கொஞ்ச நாளாக எனக்கும் அந்த மனிதர் நினைப்புதான், ஆனால் பெஷ்டிகோவை வைத்து. விஸ்கான்சினில், அவர் பங்குதாரராக இருந்த கம்பெனியின் ஊர் அது. மரவாளி செய்யும் ஆலை, தெருவெல்லாம் மரத்தூள். அடிமரத்தை மட்டும் இழுத்துக்கொண்டு கிளையையும் கொப்பையும் காட்டிலேயே போட்டுவிடுவது அன்றைய மரத்தொழிலின் வழக்கம். 1871 கோடையில் மழையே இல்லை. ரயில் பாதை போடுகிறவர்களும் நிலம் திருத்துகிறவர்களும் தங்கள் பாட்டுக்குக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் மரத்தூள் அடுப்பு இருந்தது. நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கெட்டித்து, பாட்டிலை உருவிவிட்டு அம்மா கீழே நெருப்பு வைப்பாள். மத்தியானம் வரை உலை கொதிக்கும். மேலே பார்த்தால் ஒன்றுமே இருக்காது, விரலை விட்ட எனக்குத்தான் தெரியும். பெஷ்டிகோவைச் சுற்றியும் வாரக்கணக்கில் அப்படித்தான் கனன்றது. அக்டோபர் 8 ராத்திரி காற்று கிளம்பியதும் ஊரே போயிற்று. ஆற்றில் குதித்தவர்களிலும் எல்லாரும் பிழைக்கவில்லை. செத்தவர்கள் 1,200 பேராவது இருக்கும், 2,500 என்றும் சொல்கிறார்கள். அடையாளம் தெரியாத சுமார் 350 பேருக்கு ஒரே குழி. அதே ராத்திரி சிகாகோவும் எரிந்ததால் நிவாரணமெல்லாம் அங்கே போனது. விஸ்கான்சின் கவர்னரும் அங்கேதான். அவர் மனைவி பிரான்சஸ் ஃபேர்சைல்ட், சிகாகோவுக்குக் நிவாரணச் சாமானோடு கிளம்பிய ஒரு ரயில் பெட்டியை இந்தப் பக்கம் திருப்பிவிட்டார். இருபத்து நாலு வயசுப் பெண்!

ஸ்டீபன்சன் கல்நெஞ்சர் இல்லை, பக்கத்து மாரினெட்டில் இருந்துகொண்டு தப்பியவர்களுக்கு ஓடியாடி உதவியவர்தான். ஆனால் அவர் தேர்தல் செலவைக் காசு காசாக எண்ணிப் பார்த்த செனட்டில், காட்டில் கிடந்த கிளைகளைப் பற்றி எந்த மரமுதலாளியை யார் கேட்டார்கள்? நீங்களும் கேட்கவில்லை, எஸ். உங்கள் கடிதத்தில் பெஷ்டிகோ என்ற பெயரே இல்லை. அவர் சுயசரிதை 1915இல் வந்தது, தீயைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். முதலில் அதைப் படித்துவிட்டு அப்புறம் எனக்கு எழுதுங்கள்.